எங்கம்மா வீட்டுப் பக்கம் ஒடி

காருக்குப் பின்னால் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு எதிரிகள் இரண்டு வகை. குறுக்கே வருகிறவர்கள் ஒரு வகை. உதவி செய்ய வருகிறவர்கள் இன்னொரு வகை. புவனகிரி செம்பியன் முதல் வகையினரை ஹாரன் அடித்தே சமாளித்துவிட்டார். இரண்டாம் வகையினரிடம் ஹாரன் செல்லாது. தங்களைத்தான் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உரக்கக் கத்துவார்கள்.

வரலாறு செம்பியனைக் கவனிக்குமா என்பது சந்தேகம். கவனிக்காத பட்சத்தில் இந்தப் பக்கங்கள் உதவட்டும்.

செம்பியன் பிறந்தது ஸ்ரீமுஷ்ணத்தில். கட்டிக்கொண்டது கடலூர் மஞ்சக்குப்பத்து மாலதியை. குடித்தனம் எந்த ஊரில் என்ற பேச்சு கல்யாணப் பந்தலிலேயே ஆரம்பித்து, பந்தலைப் பிரித்த பிறகும் நடந்தது. கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவே, இரண்டு தாய்மார்களும் ஒரே அளவில் கோபித்துக்கொள்ளக்கூடிய தூரத்தில், புவனகிரியில் வீடு பிடித்தார்கள். வாசகர்கள் இந்தத் தகவலைக் கொஞ்சம் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். பின்னால் ஸ்டியரிங் பிடிக்கும்போது தேவைப்படும்.

மோட்டார் பம்பு விற்கும் ஒரு கம்பெனிக்காகச் செம்பியன் மாவட்டம் முழுக்கக் கார் ஓட்டினார். காரை எங்கே வேண்டுமானாலும் நுழைப்பார், எங்கிருந்து வேண்டுமானாலும் எடுப்பார். “வண்டின்னு ஒண்ணு இருந்தா போதும், நான் ஓட்டுவேன்” என்று சொல்லிக்கொள்வார். கம்பெனி மூடப்பட்டபோது அந்தப் பழைய ஏழு சீட்டுக் காரை அவர் தலையிலேயே கட்டிவிட்டுப் போனார்கள். வீட்டில் ஒரு கார் இருந்தது, மாலதியின் கைப்பக்குவத்தில் ஒரு கத்தரிக்காய் கொத்சு இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு பிழைப்பாக்க வேண்டும் என்று யோசித்ததில் பிறந்ததுதான் ட்ரெய்லர். இரண்டு சக்கரம், தகரக் கூரை, பக்கவாட்டில் தூக்கி நிறுத்தினால் கடையாகிற ஒரு பலகைக் கதவு. காரின் அடியில் ஒரு கொக்கியைப் பொருத்தி அதில் ட்ரெய்லரை மாட்டி, தினமும் சாயங்காலம் அண்ணாமலை நகருக்கு இழுத்துப்போய், மாணவர் லாட்ஜுகளுக்கு நடுவே இட்லி, தோசை, கொத்சு விற்பது என்று திட்டம். திட்டத்தில் பிழை எதுவும் இல்லை. எல்லாத் திட்டங்களும் முன்பக்கமாகப் போகும்வரை பிழையில்லாமல்தான் இருக்கின்றன.

முதல் நாள் சாமான் ஏற்றியவர் மாலதி. சமையலறை சாஸ்திரப்படி ஏற்றினார். கை எட்டும் இடத்தில் கனமான பொருள் இருக்க வேண்டும் என்பது அந்தச் சாஸ்திரம். ட்ரெய்லரில் சாமான் ஏற்றும் கதவு பின்னால் இருந்ததால் தண்ணீர் டிரம், கேஸ் சிலிண்டர், மாவு வாளி எல்லாம் பின்கோடியில் போய் உட்கார்ந்தன. முன்னால் ஒரு துடைப்பமும் தட்டுகளும் மட்டும். பின்பாரம் கீழே அமுக்க, கொக்கிப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளப் பார்த்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. அது ஆட, காரும் ஆடியது.

காரின் பின்சீட்டில் மாலதியின் தம்பி உத்திராபதி இருந்தார். கடலூர் – சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வாரத்தில் மூன்று நான்கு நாள் டூட்டி. டூட்டி இல்லாத நாள்களில் அக்கா புருஷனுக்கு உதவி.

“பிரேக்க அமுக்கு மாமா!” என்றார் உத்திராபதி.

“வேகமா போயி பாலத்தத் தாண்டிடு மாமா!” என்றார் மாலதி.

மனைவியும் மாமா என்கிறார், மச்சானும் மாமா என்கிறார். எந்த மாமா எதைச் செய்ய வேண்டும் என்று விளங்காமல் செம்பியன் எதையும் செய்யவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுச் செயலற்று உட்கார்ந்திருந்தார். வேகம் தானாகக் குறைந்தது, ஆட்டமும் நின்றது. ஆடுகிற ட்ரெய்லரை அடக்க அதுதான் முறை என்று அவர் பிறகு தெரிந்துகொண்டார். குடும்பத்தில் எவர் பேச்சையும் கேட்காமல் இருந்ததால் உயிர் பிழைத்த சம்பவம் அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து டிரம்மும் சிலிண்டரும் சக்கரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்தள்ளி ஏறின. புறப்படும் முன் கொக்கி பூட்டியிருக்கிறதா, சங்கிலி மாட்டியிருக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா என்று செம்பியன் குனிந்து குனிந்து பார்ப்பார். மாலதி அதே கொக்கியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டுவார். வண்டி பத்திரமாகப் போய்ச் சேருவது சங்கிலியாலா எலுமிச்சம்பழத்தாலா என்பது அந்த வீட்டில் இன்னும் தீர்ப்பாகாத வழக்கு.

இழுப்பது இப்படியாகக் கைவந்தது. வராதது நிறுத்துவது.

அண்ணாமலை நகரில் இடம் கொடுத்தவர் சடையப்பன். நெடுஞ்சாலை சம்பந்தமான ஓர் அலுவலகத்தில் அம்புக்குறி போட்ட ஊர்ப்பெயர்ப் பலகைகளை எழுதவைத்து நடவைப்பதே வேலையாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய வீட்டுக்கும் பக்கத்து லாட்ஜுக்கும் நடுவே குறுகலாக ஒரு காலிமனை. வாடகை வேண்டாம், இரவில் நான்கு இட்லியும் கொத்சும் போதும் என்றார். அவர் தாராள மனசுக்காரர். ஆனால் அந்தத் தாராளம் முழுவதும் அவருடைய காம்பவுண்டுச் சுவரின் இந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். புதுச் சுவர். மாம்பழ நிறத்தில் பெயின்ட், மேலே ரோஜா நிறத்தில் ஒரு கரை. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பார்.

ட்ரெய்லர் அந்த மனைக்குள் வால் முதலாகப் போக வேண்டும். அப்போதுதான் பலகைக் கதவு லாட்ஜ் பக்கம் திறக்கும், இரவில் கார் நேரே வெளியே வரும். காரை அவிழ்த்துவிட்டு ட்ரெய்லரை மட்டும் கையால் தள்ளலாமே என்று வாசகர் கேட்கலாம். தள்ளினார்கள். லாட்ஜ் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் உற்சாகமாகத் தள்ளினார்கள். நிறுத்துவதற்குத்தான் யாருக்கும் உற்சாகமில்லை. மனை உள்பக்கம் சரிவு. ட்ரெய்லர் தானே ஓடிப்போய் மாம்பழ நிறத்தில் ஒரு நீளக் கோடு போட்டுவிட்டு நின்றது.

சடையப்பன் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

“பத்து பேரு தள்ளுனா யாரக் கேக்குறது நானு? இனிமே கையால தள்றது கெடையாது. கார்லேயே ரிவர்ஸ்ல கொண்டாந்து உடுங்க. பொறுப்புன்னு ஒரு ஆளு இருக்கணும்.”

பொறுப்பை ஏற்றுக்கொண்ட செம்பியன் மறுநாள் ரிவர்ஸ் போட்டார். இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் ஆராய வேண்டியிருக்கிறது. சொல், ‘ரைட்’.

மாலதி ரைட் என்றால் வலது பக்கம். உத்திராபதி ரைட் என்றால் போகலாம். அது அவருக்குத் தொழில். ‘ரைட்’ என்றால் பஸ் நகரும், ‘ஹோல்டான்’ என்றால் நிற்கும், நடுவில் அவருக்கு வேறு மொழி தேவைப்பட்டதில்லை. செம்பியன் ரைட் என்றால், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பொருள். இந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே வண்டியை ரிவர்ஸ் எடுத்தார்கள்.

காரில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் செம்பியனுக்கு வலக்கைப் பக்கம்தான் சுவர். ட்ரெய்லர் உள்ளே போகப் போக அதன் வால் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்தது. செம்பியன் தலையை வெளியே நீட்டி, “ரைட்டா?” என்று கேட்டார்.

வலது பக்கம் இடிக்கப் போவதைப் பார்த்த மாலதி பதறி, “ரைட்டு மாமா, ரைட்டு, ரைட்டு!” என்று கத்தினார்.

தெருவில் நின்ற உத்திராபதிக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் ரத்தத்திலேயே ஏதோ நடந்தது. “ரைட் ரைட்! போலாம் ரைட்!” என்று காரின் பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு தெளிவாக ஒப்புதல் கொடுத்தது கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான். செம்பியன் நம்பிக்கையோடு பின்னால் போனார். தகரக் கூரையின் முனை சுவரில் ஏறி, ரோஜாக் கரையில் முழ நீளத்துக்குப் பெயர்த்துக்கொண்டு வந்தது.

“நான்தான் ரைட்டுன்னு கத்துனேன்ல?”

“அதாண்டி, ரைட்டுன்னு சொன்ன, வந்தேன்!”

“அக்கா, ஹோல்டான்னு சொல்லியிருந்தா நானே நிப்பாட்டியிருப்பேன்ல?”

மாலதி தம்பியைப் பார்த்த பார்வையில் அவர் தோசைக்கல்லைத் துடைக்கப் போய்விட்டார்.

சடையப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பெயர்ந்த துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “ஜூஸ் கடை போட ஒரு பையன் கேட்டுக்கிட்டிருக்கான். அவனுக்கு ஒரு மேசையும் மிக்சியும் போதுமாம். ரிவர்ஸே கெடையாதாம். இன்னொரு வாட்டி சுவத்துல பட்டுதுன்னு வையிங்க, நான் அவனுக்குச் சொல்லிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

அந்த மனை போனால் கடை போனது. மற்ற தெருக்களில் எல்லாம் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். ட்ரெய்லரைப் புவனகிரி வீட்டு வாசலில் நிறுத்திவைத்துக் கோழி வளர்க்கலாம், அவ்வளவுதான். சுவர் காயும்வரை நான்கு நாள் வர வேண்டாம் என்று சடையப்பன் சொல்லியிருந்தார். அந்த நான்கு நாளில் ரிவர்ஸ் கற்றாக வேண்டும்.

புவனகிரிச் சந்தைத் திடலில், சந்தை இல்லாத காலை வேளைகளில், பயிற்சி நடந்தது. அண்ணாமலை நகரில் நிற்கிற அதே வாக்கில் காரை நிறுத்தினார்கள். சுவருக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குடங்கள். முதல் நாளிலேயே பச்சைக் குடமும் நீலக் குடமும் தட்டையாகிவிட்டன. இருபது வருடம் கார் ஓட்டிய கை அது. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் பின்பக்கம் வலப்பக்கம் போகும் என்று அதற்குத் தெரியும். ட்ரெய்லருக்கோ அது தெரியாது. வலப்பக்கம் ஒடித்தால் அது இடப்பக்கம் போகும். இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம். கொஞ்சம் கூடுதலாக ஒடித்துவிட்டால் காரும் ட்ரெய்லரும் முழங்கை மாதிரி மடங்கிக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கும்.

“லெஃப்ட்ல ஒடி மாமா!”

“ஒடிச்சிட்டேன்.”

“அது ரைட்டுல போவுது!”

“ட்ரெய்லர்னா அப்பிடித்தான் போவும். இந்தாண்ட ஒடிச்சா அது அந்தாண்ட போவும்.”

“அப்ப நான் யாருக்குச் சொல்லணும்? உன் ஸ்டியரிங்குக்கா, இந்த சனியனுக்கா?”

செம்பியன் ஸ்டியரிங்கைப் பார்த்தார், கண்ணாடியில் ட்ரெய்லரைப் பார்த்தார். அவருடைய அனுபவத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மாலதி குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேல் வெயில் ஏறியிருந்தது. கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “உனக்கு லெஃப்டும் வேணாம், ரைட்டும் வேணாம். இப்ப நீ உக்காந்துருக்குற எடத்துலேர்ந்து கடலூரு எந்தப் பக்கம்?”

செம்பியன் யோசிக்காமல் வலக்கையைக் காட்டினார்.

“ஸ்ரீமுஷ்ணம்?”

அதற்கும் யோசனை இல்லை. இடக்கை தானே எழுந்தது. திருமணமான நாளிலிருந்து இரண்டு திசைக்கும் மாறி மாறி அனுப்பப்பட்டவர் அவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகக் காட்டுவார்.

“ஆங். ஸ்டியரிங்குக்கு மட்டும் நான் சொல்றேன். ட்ரெய்லரு எங்க போவுதுன்னு நீ யோசிக்கவே கூடாது, அது என் கவல. இப்ப எங்கம்மா வீட்டுப் பக்கம் ஒடி.”

ஒடித்தார். ட்ரெய்லரின் வால் அழகாக இடப்பக்கம் போயிற்று.

மாலதி எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தார். “பாத்தியா? ஸ்டியரிங்க எங்கம்மா வீட்டுப் பக்கம் ஒடிச்சாலும் வண்டி உங்கம்மா வீட்டுக்குத்தான் போவுது. கல்யாணம் ஆனதுலேர்ந்து இதான் நடக்குது. இத்தினி நாளா எனக்குத்தான் வெளங்கல.”

“எங்கம்மா என்னா பண்ணுச்சி இதுல?”

“ஒண்ணும் பண்ணல. நீ ஒடி.”

ட்ரெய்லர் இயலுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை எந்தக் கல்லூரியும் தந்ததாகத் தெரியவில்லை. மீதி நாள்களில் குடங்கள் பிழைத்தன. மெதுவாக, கொஞ்சமாக ஒடிப்பது. வால் திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் விட்டு அதன் பின்னாலேயே போவது. மடங்கப் பார்த்தால் நின்று, முன்னால் இழுத்து, மறுபடி வருவது. இவ்வளவுதான் வித்தை. “உங்கம்மா… உங்கம்மா… போதும், நேர் பண்ணு… எங்கம்மா கொஞ்சம்…” என்று திடலில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சந்தைத் திடல் வழியாகப் போனவர்கள் குடும்பத்தில் பெரிய சண்டை என்று நினைத்து, விலக்கிவிட வந்து, ஏமாந்து போனார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம். சுவர் மறுபடியும் மாம்பழ நிறத்தில் பளபளத்தது. சடையப்பன் தெருவில் நாற்காலி போட்டு, சுவருக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். லாட்ஜ் பால்கனிகளில் மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். உத்திராபதிக்கு அன்று டூட்டி இல்லை. இருந்திருக்கலாம்.

மாலதி முதலில் தம்பியிடம் போனார். “எலே, நீ தெருமொனையில நின்னு வர்ற வண்டிங்கள மட்டும் நிப்பாட்டு. வாயத் தொறந்த, ராத்திரி உனக்குத் தோசை கெடையாது.”

“நான் ஏன்க்கா வாயத் தொறக்கப்போறேன்?” என்றார் உத்திராபதி, வாயைத் திறந்து.

மாலதி மனைக்குள் போய், ட்ரெய்லரின் வழியிலும் இல்லாமல், அதற்கும் சுவருக்கும் நடுவிலும் இல்லாமல், செம்பியனின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஓரமாக நின்றார். செம்பியன் ரிவர்ஸ் போட்டார்.

“உங்கம்மா வீடு… கொஞ்சம்… வரலாம் வரலாம்… நேர் பண்ணு…”

ட்ரெய்லர் ஒழுங்காக உள்ளே நுழைந்தது. பால்கனியில் ஒருவன் விசிலடித்தான். பாதி தூரம் போனதும், மனையின் சரிவில் ஒரு சக்கரம் இறங்கி, வால் மெல்லச் சுவர்ப் பக்கம் சாய்ந்தது.

“எங்கம்மா வீடு!” என்றார் மாலதி.

சுவர் இருப்பதும் அதே பக்கம்தான். செம்பியன் ஸ்டியரிங்கைச் சுவரை நோக்கி ஒடிக்கத் தொடங்கியதும் சடையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “ஐயோ, சுவரு பக்கமே திருப்புறானே!”

தெருமுனையில் உத்திராபதிக்குப் பொறுக்கவில்லை. அக்கா சொன்னது மாமாவுக்குக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். ‘ரைட்’ சொல்லக் கூடாது என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. கையைக் குவித்து, தொண்டை கிழியக் கத்தினார்: “அம்மா வீடு மாமா! அம்மா வீடு!”

உத்திராபதிக்கு அம்மா வீடு கடலூரில். செம்பியனுக்கு அம்மா வீடு ஸ்ரீமுஷ்ணத்தில். நான்கு நாள் உழைத்துக் கட்டிய ஒரு மொழியை உத்திராபதி ஒரே வாக்கியத்தில் இடித்துவிட்டார்.

வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த கை இடப்பக்கம் திரும்பியது. ட்ரெய்லர் உடனே மனசு மாறிச் சுவரை நோக்கி வந்தது. தகரக் கூரைக்கும் ரோஜாக் கரைக்கும் நடுவே ஒரு கைப்பிடி இடைவெளி. பிறகு நான்கு விரல்.

“உங்கம்மா இல்ல! எங்கம்மா, எங்கம்மா!” என்றார் மாலதி.

“அதத்தான் நானும் சொல்றேன், எங்கம்மா!” என்றார் உத்திராபதி.

“சுவரு! சுவரு!” என்றார் சடையப்பன்.

“அண்ணே, எங்கம்மா வீடு விருத்தாசலம்ணே!” என்றான் பால்கனியில் ஒருவன்.

செம்பியன் பிரேக்கை அமுக்கினார். என்ஜினை அணைத்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினார். வண்டி ஓட்ட ஆரம்பித்த காலத்திலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று நம்பியவர். ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். மூன்று விரல் போனது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

பிறகு மாலதியிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்: “எந்த அம்மா?”

“எங்கம்மா.”

“சுவரு பக்கம்ல ஒடிக்கணும்?”

“ஒடி. எங்கம்மா வீடு உன்ன ஒண்ணும் பண்ணிடாது.”

அவர் திரும்பிப்போய் ஏறினார். முதலில் முன்னால் கொஞ்சம் இழுத்து இடைவெளி உண்டாக்கினார். பிறகு ஸ்டியரிங்கைச் சுவரை நோக்கி, கடலூரை நோக்கி, மாமியாரை நோக்கி ஒடித்தார். சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ட்ரெய்லரின் வால் சுவரிலிருந்து விலகி, ஸ்ரீமுஷ்ணம் பக்கமாக நகர்ந்து, நேரானது. அப்படியே மனையின் கடைசிவரை போய் நின்றது. மாலதி சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தார்.

செம்பியன் வியர்த்து வழிய தலையை நீட்டினார். “ரைட்டா?”

மாலதியின் உதடு அசைந்தது. தெருமுனையில் தம்பியின் வாயும் திறப்பதை அவர் பார்த்துவிட்டார். ஓடிவந்து ஜன்னலுக்குள் கைவிட்டுச் சாவியை உருவிக்கொண்டார். அதற்குப் பிறகுதான், “ரைட்டு” என்றார்.

சடையப்பன் சுவரை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அன்று நான்கு இட்லிக்குப் பதில் ஆறு சாப்பிட்டார். கொத்சை மூன்று தடவை கேட்டு வாங்கினார். ஜூஸ் கடைப் பையனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கைகழுவும்போது மட்டும், “இதுல ஒரு கொறை இருக்கு. அம்மான்னா கொழப்பம் வரும். ஊருன்னா வராது. நான் பாத்துக்குறேன்” என்றார்.

மறுநாள் அவர்கள் வந்தபோது, யாரும் தொடக் கூடாத அந்த மாம்பழ நிறச் சுவரில், நெடுஞ்சாலைப் பலகையில் எழுதுகிற அதே கட்டை எழுத்தில், அம்புக்குறியோடு ‘கடலூர்’ என்று எழுதியிருந்தது. எதிர்ப்பக்கம் மின்கம்பத்தில் ‘ஸ்ரீமுஷ்ணம்’. சடையப்பன் பெயின்ட் கையோடு நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செம்பியன் இப்போது தினமும் ஒரே தடவையில் உள்ளே போய்விடுகிறார். சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்க்கவும் கூச்சப்படுவதில்லை. உத்திராபதிக்குச் சட்னி கரண்டி கொடுக்கப்பட்டிருக்கிறது. தொல்லை வேறு திசையிலிருந்து வந்திருக்கிறது. மகனை விடுதியில் சேர்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் பையும் பெட்டியுமாக அந்த அம்புக்குறிக்குக் கீழே வந்து நின்றுவிடுகிறார்கள்.

“ஏம்மா, கடலூர் பஸ் இங்கதான நிக்கும்?”

மாலதி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொல்வார்: “இங்க எந்த பஸ்ஸும் நிக்காது சார், அது எங்கம்மா வீடு.” அவர்கள் ஒன்றும் புரியாமல் விழிப்பார்கள். அந்த நேரத்தில் தட்டில் இரண்டு இட்லியை வைத்துக் கொத்சை ஊற்றிவிடுவார்.

அதற்குள் சட்னி கரண்டியோடு எட்டிப் பார்க்கும் உத்திராபதி வழி சொல்லத் தொடங்குவார்: “நேரா போயி ரைட்டுல…”

“எலே!” என்பார்கள் அக்காவும் மாமாவும் ஒரே குரலில்.